20 வாரத்தில் ‘நார்மல்’, 29-ல் இரட்டைக் குமிழி: முதல் ஸ்கேனில் விட்டுப்போனதா?

#1 நுண்ணொலி

அடிக்கடி கிளம்பும் சண்டை இது. 20 வார அனாமலி ஸ்கேனில் (உறுப்புக் கோளாறு தேடும் ஸ்கேன்) இரைப்பை இடப்பக்கம் ஒழுங்காக இருக்கிறது, பனிக்குட நீர் சரி, வயிற்றுச் சுவர் சரி. 29 வாரத்தில் வளர்ச்சி பார்க்க வரும்போது வயிற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்புக் குமிழிகள், நீரின் ஆழம் 10 செ.மீ. இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில் அடைப்பு. குடும்பம் கேட்கும் முதல் கேள்வி: ‘அப்பவே ஏன் சொல்லலை?’

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். 20 வாரத்தில் இதைப் பார்த்திருக்க முடியுமா? சந்தேகம் வந்தால் எந்தத் தளத்தில், எவ்வளவு நேரம் பார்ப்பது? ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? சட்டச் சிக்கலைப் பிறகு பேசலாம், முதலில் மருத்துவம்.

#2 ப்ரோப்புக்காரன்

அடைப்பு 29 வாரத்தில் புதிதாக முளைக்கிற சங்கதி இல்லை. கரு உருவாகும்போதே வந்த கோளாறு. 20 வாரத்திலும் அங்கேதான் இருந்தது. இருக்கிற ஒன்றைப் பார்க்கவில்லை என்றால் விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். இரைப்பை தெரிந்ததும் டிக் அடித்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போகிற வேகம்தான் காரணம்.

#3 கருவியல்_பாடம்

பாதி சரி. கோளாறு எப்போது வந்தது என்பதும் அது எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதும் வேறு வேறு.

கருவியல் புத்தகத்தின் வாரமும் ஸ்கேன் அறையின் வாரமும் ஒன்றல்ல. புத்தகம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணும், நாம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறோம். எப்போதும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் புத்தகக் கணக்கு.

4-ம் வாரத்தில் தட்டையான கரு மடியும்போது மஞ்சள்கருப் பையின் ஒரு பகுதி உள்ளே இழுக்கப்பட்டு ஆதிக்குடல் ஆகிறது. முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று மூன்று பகுதி, மூன்றுக்கும் தனித்தனித் தமனி. டியோடினம் முன்குடலும் நடுக்குடலும் சந்திக்கும் இடத்தில் பிறப்பது. 5, 6-ம் வாரங்களில் அதன் உட்சுவர் செல்கள் மளமளவென்று பெருகிக் குழாயை அடைத்தே விடும். 8-ம் வாரம் முடிவதற்குள் நடுவில் சிறு சிறு குழிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து வழி திரும்பத் திறக்கும். திறக்காமல் போனால் முழு அடைப்பு, அரைகுறையாகத் திறந்தால் நடுவில் ஒரு சவ்வு. சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனம், கடைசிப் பகுதியான இலியம் ஆகியவற்றின் அடைப்புகளின் கதை வேறு: அங்கே குழாய் முதலில் நன்றாகவே உருவாகி, பிறகு ரத்த ஓட்டம் தடைபட்டு அந்தத் துண்டு கருகிப்போகிறது. அதனால் அவை 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ஏற்படவும் கூடும். ப்ரோப்புக்காரன் சார் சொன்ன ‘அப்பவே இருந்தது’ டியோடினத்துக்குப் பொருந்தும், கீழே உள்ள குடலுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, 6-ம் வாரத்தில் நடுக்குடல் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் போய், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழன்று 10-ம் வார அளவில் வயிற்றுக்குள் திரும்பும். ஸ்கேன் கணக்கில் 12 வாரம். அதற்குள் கொடியில் சிறு புடைப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கல்லீரல் வெளியே இருந்தால் எந்த வாரத்திலும் அது இயல்பல்ல.

#4 பனிக்குடம்

டியோடினம் அடைந்திருப்பது நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை. அடைப்புக்கு மேலே தேங்கும் நீர்தான் தெரிகிறது. ஆக, கேள்வி இதுதான்: 20 வாரக் குழந்தை எவ்வளவு விழுங்குகிறது?

விழுங்குவது 11, 12 வாரத்திலேயே தொடங்கிவிடும். அளவுதான் மிகச் சொற்பம். 16 வாரத்தில் ஒரு நாளுக்குச் சில மி.லி., 20 வாரத்தில் சுமார் 16 மி.லி., 28 வாரத்தில் சுமார் 120 மி.லி., பிரசவ நேரத்தில் அரை லிட்டரும் அதற்கு மேலும். இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் ஏழு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஒரு நாளுக்கு மூன்று டீஸ்பூன் சொச்சம் நீரே உள்ளே போகும்போது, இரைப்பையே அதைத் தாங்கிக்கொள்ளும். பலசமயம் குழந்தை எதுக்களித்து வெளியே தள்ளியும் விடும். அதனால் குமிழி விரிய அழுத்தம் சேராது.

பனிக்குட நீர் கூடாததற்கும் காரணம் உண்டு. கருவின் தோல் 22 முதல் 25 வாரத்துக்குள்தான் கெட்டிப்படுகிறது. அதுவரை தோல் வழியாகவே நீர் இரு திசையிலும் போய் வரும். நீரின் அளவு விழுங்குவதை நம்பி இருக்காது. தோல் கெட்டியான பிறகுதான் சிறுநீர் வரவு, விழுங்குவது செலவு என்ற கணக்கு. செலவு நின்றால் அதன் பிறகே நீர் ஏறும்.

அதனால் பெரும்பாலான டியோடினல் அடைப்புகள் 20 வாரத்தில் கண்ணில் படாமல், 24-க்குப் பிறகே வெளிப்படும். சேமித்த படங்களில் இரைப்பையும் நீரும் இயல்பாக இருந்தால், ‘விட்டுவிட்டார்’ என்று சொல்ல ஆதாரம் இல்லை.

#5 ப்ரோப்புக்காரன்

விளக்கம் நல்லா இருக்கு மேடம். ஆனா 12, 13 வாரத்திலேயே பெரிய இரட்டைக் குமிழி கண்டுபிடிச்ச கேஸ்கள் பதிவாகியிருக்கே? அந்தக் குழந்தை மட்டும் குடம் குடமாக் குடிச்சுதா?

#6 சின்னத்தையல்

குடிக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை! அவ்வளவு சீக்கிரம் பெரிதாகத் தெரிந்தால், டியோடினம் அடைப்போடு உணவுக்குழாயும் மூடியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும், அதுவும் மூச்சுக்குழாயோடு இணைப்பு இல்லாத வகை. மேலேயும் வழி இல்லை, கீழேயும் வழி இல்லை. இரைப்பை சுரக்கும் நீர் போக இடமின்றி, நடுவில் இருக்கும் பகுதி பலூன் மாதிரி ஊதிவிடும். எதுக்களித்துக் காலி செய்யவும் முடியாது. இரைப்பையும் டியோடினமும் சேர்ந்து ஆங்கில ‘சி’ எழுத்து வடிவில் வளைந்து தெரியும். அரிது, ஆனால் அறுவைக்கு இதைவிடச் சிக்கலான கூட்டு இல்லை.

இதன் மறுபக்கத்தையும் மறக்காதீர்கள். இரைப்பை தெரிகிறது என்பதால் உணவுக்குழாய் சரி என்று சொல்ல முடியாது. உணவுக்குழாய் அடைப்புகளில் ஏறக்குறைய 85 சதவீதத்தில் கீழ்த்துண்டு மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கும், நுரையீரல் நீர் அந்த வழியாக இரைப்பைக்கு வந்துவிடும். கருவிலேயே கண்டுபிடிக்கப்படுவது பாதிக்கும் குறைவு.

#7 நுண்ணொலி

சரி, 22 வாரத்தில் இரண்டு குமிழி மாதிரி ஏதோ தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எது நிஜம், எது ஏமாற்று? படிப்படியாக யாராவது எழுதுங்களேன்.

#8 பனிக்குடம்

முதலில் ஏமாற்றுகளைக் கழித்துக்கட்டலாம்.

வயிற்றைச் சாய்வாக வெட்டினால் நார்மல் இரைப்பையே இரண்டாகத் தெரியும். இரைப்பையின் உள்வளைவில் ஒரு மடிப்பு இருக்கிறது. வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியான ப்ரோப் கொஞ்சம் நீளவாக்கில் சாய்ந்தால் அந்த மடிப்பு நடுவில் விழுந்து, ஒரு பை இரண்டு பையாகக் காட்டும். அனாமலி ஸ்கேனில் வரும் பொய் எச்சரிக்கைகளில் இதுதான் முதலிடம். வயிற்றுச் சுற்றளவு எடுக்கும் சுத்தமான குறுக்குத் தளத்துக்கு வாருங்கள்: வட்டமான வயிறு, ஒற்றை விலா இருபக்கமும், தொப்புள் சிரை கல்லீரலுக்குள் போர்ட்டல் சைனஸ் என்ற ரத்தநாளத்தில் திரும்பும் இடம், முதுகெலும்பு. இந்தத் தளத்தில் இரண்டாவது குமிழி காணாமல் போனால் அது மடிப்பு. நிஜ டியோடினக் குமிழி முதுகெலும்புக்கு வலப்பக்கம் தாண்டி நிற்கும்.

அடுத்தது பித்தப்பை. அதுவும் வலப்பக்கம், அதுவும் கறுப்பு. ஆனால் கல்லீரலின் அடியில், தொப்புள் சிரைக்கு வலப்புறம் பேரிக்காய் வடிவில் இருக்கும், இரைப்பையோடு சேராது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் தொப்புள் சிரையும் தனியாகப் பிரிந்துவிடும். கல்லீரல் வாயிலை ஒட்டி உருண்டையாக ஒரு கட்டி இருந்து, அதற்குள் பித்தக் குழாய் வந்து சேர்வது தெரிந்தால் அது பித்தக்குழாய் நீர்க்கட்டி. சுவர் இரட்டைக் கோடாக, உள்ளே வெள்ளை வெளியே கறுப்பாகத் தெரிந்தால் குடல் இரட்டிப்புக் கட்டியாக இருக்கலாம்.

இவை எல்லாம் போக மிச்சம் இருப்பதில், இரண்டு குமிழிகளும் ஒன்றோடொன்று இணைவதைக் காட்ட வேண்டும். இணைப்பைக் காட்டாத படம் இரட்டைக் குமிழியே அல்ல. குறுக்குத் தளத்தில் இரைப்பையை வைத்துக்கொண்டு, ப்ரோப்பை மெதுவாகக் குழந்தையின் வலத் தோள் பக்கமாகச் சில பாகை மட்டும் திருப்புங்கள். இரைப்பை வலப்பக்கம் குறுகி, சுவர் தடித்த ஒரு கழுத்து மாதிரி தெரியும். அது பைலோரஸ், இரைப்பையிலிருந்து குடலுக்குள் போகும் வாய். அந்தக் கழுத்துக்கு அப்பால் நீர் தொடர்ந்தால் அது டியோடினம். இப்போது திருப்புவதை நிறுத்திவிட்டுச் சும்மா பிடித்துக்கொண்டே இருங்கள். அடைப்பு இருந்தால் இரைப்பைச் சுவரில் அலை ஓடி வந்து, நீரைத் தள்ளி, அது முட்டித் திரும்பி வருவது தெரியும். சினி லூப்பாக, அதாவது ஓடும் படமாகச் சேமியுங்கள், உறைந்த படத்தில் இது பிடிபடாது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரைப்பை நிறைவதும் காலியாவதும் மாறி மாறி நடக்கும், டியோடினத்தில் கொஞ்சம் நீர் ஒரு நொடி வந்து போவது இயல்பு. அரை மணி கழித்தும் அதே இடத்தில் நீர் நின்றால் அது இயல்பல்ல. இரைப்பையே தெரியாவிட்டாலும் இதே விதி: அரை மணி, முக்கால் மணி கழித்து ஒரு முறை, அப்போதும் இல்லையென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு முறை. அதற்குள் மார்புக்குள் பாருங்கள். இதயத்தின் நான்கு அறைத் தளத்திலேயே இரைப்பை உட்கார்ந்திருந்தால் உதரவிதான ஓட்டை.

#9 ப்ரோப்புக்காரன்

இது நியாயம். ஒன்று சேர்க்கிறேன். டியோடினத்தைச் சுற்றி இரு பக்கமும் வெள்ளையாக இடுக்கி போட்ட மாதிரி ஒரு பட்டை தெரிந்தால், வளையக் கணையமா என்று பார்க்கணும். சிகிச்சை பெரிதாக மாறாது, ஆனா சர்ஜனுக்குச் சொல்லிவைத்தால் நல்லது.

வளர்ச்சி ஸ்கேன் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 28, 32 வாரங்களில் வயிற்றுச் சுற்றளவு எடுக்கிற அதே தளத்தில்தான் டியோடினம் தெரியும். எலிப்ஸைச் சுற்றிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் ஃப்ரீஸ் எடுப்பவர்கள் இருக்காங்க. எடையைக் கணக்குப் போடும் முன் வலப்பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

#10 யாழ்_ரேடியோ

நல்ல உரையாடல். கீழ்க்குடல் அடைப்பு எண்டு சந்தேகம் வந்தால் எந்த அளவுகளை வைச்சுப் பாக்கிறியள்? இங்க மூண்டாவது மும்மாதத்தில ‘குடல் விரிஞ்சிருக்கு’ எண்டு அனுப்பிற ஸ்கான்கள்ல கனக்க, பிறந்த பிறகு ஒண்டும் இல்லாமல் போகுது.

#11 பனிக்குடம்

சிறுகுடலின் உள் விட்டம் 7 மி.மீ.க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். பெருங்குடல் பிரசவ நேரத்தில் 18 மி.மீ. வரை போகும். நீங்கள் சொல்லும் பொய் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால் வருபவை. மூன்றாவது மும்மாதத்தில் பெருங்குடல் நிறைய மெக்கோனியம் (கருவின் முதல் மலம்) இருக்கும், கறுப்பாகவும் அகலமாகவும் தெரியும். அது வயிற்றின் ஓரத்தைச் சுற்றி ஓடும், மடிப்புகள் தெரியும், அசையாது. அடைபட்ட சிறுகுடல் நடுவில் இருக்கும், நீரில் துகள்கள் மிதக்கும், ஓயாமல் அலையடிக்கும். எதை அளக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டு அளவுக்கோட்டை வையுங்கள்.

இடம் தெரிந்துகொள்ள இன்னொரு தடயம் பனிக்குட நீர். அடைப்பு மேலே இருந்தால் நீர் சீக்கிரம் கூடும். இலியத்தின் கடைசியில் இருந்தால், அதற்கு மேலுள்ள குடல் முழுக்க நீரை உறிஞ்சிவிடும், அளவு நார்மலாகவே இருக்கலாம். குடல் எல்லாம் விரிந்து, நீரும் அளவுக்கு மீறி இருந்தால் பிறவிக் குளோரைடு வயிற்றுப்போக்கையும் நினைத்துப் பாருங்கள், அங்கே அடைப்பே இருக்காது.

விரிந்திருந்த குடல் திடீரென்று சுருங்கி, வயிற்றில் நீரும் கல்லீரலைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளும் வந்தால் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். குடல் ஓட்டையாகி மெக்கோனியம் வெளியே வந்திருக்கிறது.

#12 கருவியல்_பாடம்

எக்கோஜெனிக் குடல் பற்றி யாராவது ஆரம்பிக்கும் முன் இரண்டு வரி. எலும்பு அளவுக்கு வெளுப்பாக இருந்தால் மட்டுமே அந்தச் சொல். கெயினை (படத்தின் வெளிச்சத்தை) குறைத்துக்கொண்டே வாருங்கள், இடுப்பெலும்பு மறையும்வரை குடல் மறையவில்லை என்றால் அந்தச் சொல் பொருந்தும். படத்தைக் கூர்மையாக்கும் ஹார்மோனிக்ஸ் வசதியை அணைத்துவிட்டு, 5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழான ப்ரோப்பில் பாருங்கள். உயர் அதிர்வெண்ணில் எல்லாக் குடலும் வெள்ளையாகத்தான் தெரியும். மீதிக்கு வேறு இழை தொடங்கலாம்.

#13 மரபணுமேசை

இரட்டைக் குமிழி உறுதி என்றானதும் என் பக்கத்து வேலை தொடங்குகிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும். ‘முதல் மும்மாத ஸ்கிரீனிங் லோ ரிஸ்க், அதனால் பரவாயில்லை’ என்று விடக் கூடாது. அமைப்புக் கோளாறு தெரிந்தபின் அந்தப் பழைய கணக்கு செல்லாது. தாயின் ரத்தத்தில் எடுக்கும் டி.என்.ஏ. பரிசோதனையும் போதாது, அது வடிகட்டும் சோதனை மட்டுமே. அம்னியோசென்டசிஸ் (பனிக்குட நீரை ஊசியில் எடுப்பது) செய்து மைக்ரோஅரே என்ற விரிவான குரோமோசோம் சோதனை பார்ப்பதே முறை. விரைவு சோதனையில் 21, 18, 13-ம் குரோமோசோம்கள் பற்றி இரண்டு மூன்று நாளில் பதில் வரும், முழு குரோமோசோம் படத்துக்கு இரண்டு வாரம் போல ஆகும். ஊசி போடும் முன் கருப்பரிசோதனைச் சட்டப்படி படிவம் ஜி-யில் தாயின் ஒப்புதல் வேண்டும், ஸ்கேனுக்கு வழக்கம்போல படிவம் எஃப்.

கூடவே கருவின் இதய எக்கோ கட்டாயம். குரோமோசோம் நார்மலாக இருந்தாலும் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், ஆசனவாய் எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஆசனவாய் குறுக்குவெட்டில் வெள்ளைப் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரிய வேண்டும்.

#14 நுண்ணொலி

இப்போது சட்டம். 24 வாரம் தாண்டித் தெரிவதுதான் குடும்பங்களுக்கு வலி.

#15 மரபணுமேசை

இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 20 முதல் 24 வரை விதிகளில் சொன்ன பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்து. அதற்கு மேல் கடுமையான கருக்கோளாறு என்றால் மாநில மருத்துவக் குழு முடிவெடுக்கும், விண்ணப்பம் வந்த 3 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆனால் டியோடினம் அடைப்பு மட்டும், இதயமும் குரோமோசோமும் நார்மல் என்றால், அதை அந்த வகையில் சேர்க்கவே மருத்துவக் காரணம் குறைவு. முடிவெடுக்கும் முன் குழந்தை அறுவை நிபுணரிடம் பேச வையுங்கள். பல குடும்பங்கள் ‘குடல் இல்லை’ என்று புரிந்துகொண்டு வருகிறார்கள்.

#16 யாழ்_ரேடியோ

இலங்கையில தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் சட்டம் விடுது. அதால இங்க ஆலோசனை முழுக்கப் பிரசவத் திட்டத்தைப் பற்றித்தான்.

#17 ப்ரோப்புக்காரன்

ரிப்போர்ட் விஷயத்துக்கு யாரும் வரலையே. 20 வார ரிப்போர்ட்டில் ‘ஜீரண மண்டலம் நார்மல்’ என்று ஒரே வரியில் எழுதுவதுதான் பின்னால் வம்பு. நான் சொல்றது: பார்த்ததை எழுதுங்க. ‘இரைப்பை இடப்பக்கம், நீர் நிறைந்துள்ளது. வயிற்றுச் சுவர் முழுமை, கொடி இணையும் இடம் இயல்பு. குடல் விரிவு இல்லை. ஆழமான நீர்ப்பை இத்தனை செ.மீ.’ அடுத்த வரி: ‘உணவுக்குழாய், டியோடினம், குடல் அடைப்புகள் இந்த வாரத்தில் தெரியாமல் இருந்து 24 வாரத்துக்குப் பின் வெளிப்படலாம்.’ பொதுவாக அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த பொறுப்புத் துறப்பை யாரும் படிக்கிறதில்லை. இது கண்டுபிடிப்புகளுக்கு நடுவிலேயே இருக்கணும், தாயிடம் வாயாலும் சொல்லணும்.

#18 பனிக்குடம்

ஒத்துக்கொள்கிறேன். நீரளவைப் பற்றி ஒரு திருத்தம்: ‘நீர் அதிகம்’ என்று மட்டும் எழுதாமல் எண்ணைப் போடுங்கள். ஆழமான ஒற்றைப் பை 8 முதல் 11 செ.மீ. லேசானது, 12 முதல் 15 நடுத்தரம், 16-ம் மேலும் கடுமை. ப்ரோப்பை அழுத்தாமல், செங்குத்தாக, கொடியோ கை காலோ குறுக்கே வராத இடத்தில் அளக்க வேண்டும். #1-ல் சொன்ன 10 செ.மீ. லேசான வகைதான், ஆனால் டியோடினம் அடைப்பில் ஏறிக்கொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவும், கருப்பை வாய் நீளமும் பாருங்கள். இந்தத் தாய்மார்களுக்கு வரும் பெரிய ஆபத்து குறைப்பிரசவம். நீரை ஊசியில் வடிப்பது தாய்க்கு மூச்சு முட்டும்போது மட்டும்.

#19 சின்னத்தையல்

பிரசவத்துக்கு சிசேரியன் தேவையில்லை. தலை கீழே இருந்தால் சுகப்பிரசவமே நடக்கலாம். வேண்டியது, பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வும் குழந்தை அறுவையும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனை. தேதியை முன்கூட்டிக் குறித்துப் பிரசவத்தைத் தூண்ட வேண்டியதும் இல்லை, ஒவ்வொரு வாரமும் எடை கூடுவது எங்களுக்கு லாபம்.

பிறந்ததும் பால் கொடுக்கக் கூடாது. 8 அல்லது 10 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) குழாயை வாய் வழியாக இறக்குங்கள். 10 முதல் 12 செ.மீ.யில் முட்டி நின்றால் உணவுக்குழாயும் அடைப்பு. தங்குதடையின்றி இறங்கி, 20 மி.லி.க்கு மேல் நீர் வந்தால் நம் கணிப்பு சரி. பச்சையாக வந்தால் அடைப்பு பித்தக்குழாய் திறக்கும் இடத்துக்குக் கீழே என்று பொருள், பெரும்பாலும் அப்படித்தான் வரும். குழாயை மூடிவைக்காமல் திறந்தே விடுங்கள், இழந்த நீரையும் உப்பையும் சிரை வழி ஈடுகட்டுங்கள்.

எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழி மட்டும் தெரிந்து கீழே காற்றே இல்லையென்றால் முழு அடைப்பு. அவசரம் இல்லை. உப்புகளைச் சரிசெய்து, இதய எக்கோ பார்த்து, ஓரிரு நாளில் அறுவை செய்யலாம். மேல்குடலைக் குறுக்கிலும் கீழ்க்குடலை நீளத்திலும் திறந்து வைர வடிவில் இணைப்பது வழக்கமான முறை. இணைப்பு வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதுவரை சிரை வழி உணவு. இதயமும் குரோமோசோமும் நன்றாக இருந்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்து நன்றாக வளரும்.

கீழே கொஞ்சமாவது காற்று தெரிந்தால்தான் எனக்குப் பதற்றம். சவ்வு அடைப்பாக இருக்கலாம், வளையக் கணையமாக இருக்கலாம், அதே நேரம் சரியாகச் சுழலாத நடுக்குடல் முறுக்கிக்கொண்டிருக்கவும் கூடும். முறுக்கு என்றால் சில மணி நேரத்தில் மொத்தச் சிறுகுடலும் கருகிவிடும். காத்திருக்காமல் அன்றே கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து எக்ஸ்ரே படம், சந்தேகம் தீரவில்லை என்றால் நேரே தியேட்டர். கருவிலேயே இரட்டைக் குமிழி என்று எழுதி அனுப்பிய குழந்தைக்கும் இந்த விதி பொருந்தும்.